பிரீமியம் அதிகம் வாங்கும் காப்பீட்டு நிறுவனம்தான் திறமையானதா?

சேலத்தில் எம்.காம். ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன்: இல்லை. பிரீமியம் காட்டுவது நிறுவனம் எவ்வளவு பெரியது என்பதை மட்டும்தான்.

நம்ம செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு கொலுசுப் பட்டறைகள், ஒரே அளவு வெள்ளி, அதே எண்ணிக்கை ஆட்கள், ஆனால் ஒன்றில் கூடுதல் கொலுசு வருகிறது என்றால் அதுதான் மற்றதற்கு அளவுகோல். 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் கொண்டுவந்த டி.இ.ஏ. (டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்) முறை இதையே பல உள்ளீடு, பல வெளியீடுகளோடு கணக்குப் போட்டு முன்னணியில் நிற்கும் நிறுவனங்களுக்கு 1, மற்றவற்றுக்கு அதற்குக் கீழே மதிப்பெண் தருகிறது.

உள்ளீடு சுலபம்: கமிஷன், நிர்வாகச் செலவு, மூலதனம். வெளியீட்டில்தான் தலைவலி. இழப்பை ஈடுகட்டுவதுதானே வேலை என்று க்ளெய்ம் தொகையை எடுப்பார்கள்; ஆனால் வெள்ளம் வந்த வருஷம் க்ளெய்ம் எகிறினால் நிறுவனம் திடீரென்று திறமைசாலி ஆகிவிடும்! பிரீமியத்தை எடுத்தாலோ விலையை ஏற்றியவர் ஜெயிப்பார். என்னைக் கேட்டால் க்ளெய்மோடு முதலீட்டு வருமானத்தையும் சேருங்கள், ஆயுள் காப்பீட்டையும் பொதுக் காப்பீட்டையும் கலக்காதீர்கள்.

உற்பத்தித்திறனில், அதாவது உள்ளீட்டுக்கு எவ்வளவு வெளியீடு என்பதில், வருஷா வருஷம் வரும் மாற்றத்தையும் பார்க்க வேண்டும். மால்ம்குவிஸ்ட் குறியீடு அதைப் பிரித்துக் காட்டும்: பின்தங்கியவர் எவ்வளவு எட்டிப் பிடித்தார், முன்னணியே எவ்வளவு நகர்ந்தது என்று.

அப்புறம், பொதுக் காப்பீட்டுக்கு கம்பைன்ட் ரேஷியோவையும் (பிரீமியத்தில் க்ளெய்மும் செலவும் எத்தனை சதவீதம் என்பது) பாருங்கள், 100-ஐத் தாண்டினால் பிரீமியத்தைவிட க்ளெய்மும் செலவும் அதிகம். தரவு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. டி.இ.ஏ. போடும்போது பத்து நிறுவனத்துக்கு உள்ளீடு, வெளியீடு சேர்த்து எட்டு மாறிகள் போட்டுவிடாதீர்கள், ஏறக்குறைய எல்லாருக்கும் 1 வந்து நிற்கும்.