கண்ணிலிருந்து கதிர் புறப்பட்ட காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய ஒளியியல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதுதான் பார்வை என்று கிரேக்க அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் நம்பியதை விரிவாக எழுதியிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைக்கே தவறென்று தெரிந்த கொள்கைக்கு இத்தனை இடம் எதற்கு? கிரேக்கர்கள் தொடங்கினார்கள், பிறகு ஆயிரம் ஆண்டு இருட்டு, மறுமலர்ச்சிக் காலத்தில் ஐரோப்பா விழித்துக்கொண்டது என்றுதான் நான் படித்திருக்கிறேன். இடையில் அரேபியர்கள் கிரேக்க நூல்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள் என்பார்கள். அதற்கு மேல் அவர்கள் செய்தது என்ன? நம் நாட்டில் இதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

அந்தக் கொள்கை தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொன்னவர்களிடம் வலுவான காரணங்கள் இருந்தன. யூக்ளிடின் வழிவந்தவர்கள் முன்வைத்த ஒரு வாதத்தைப் பாருங்கள். தரையில் ஊசி விழுந்துவிட்டது, தேடுகிறோம். ஊசி கண்ணெதிரில்தான் கிடக்கிறது, இருந்தும் சற்று நேரம் தென்படுவதில்லை. பொருளிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்கு வந்து சேர்வதுதான் பார்வை என்றால், ஊசியிலிருந்தும் அது ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். உடனே தெரிந்திருக்க வேண்டுமே, ஏன் தெரியவில்லை? பார்வைக் கதிர்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, ஊசி அந்த இடைவெளியில் கிடந்தது, கதிர் அதன்மேல் பட்டதும் தெரிந்தது என்றார்கள். இதற்கு உடனே மறுப்புச் சொல்லிப் பாருங்கள், அது எவ்வளவு கடினம் என்று புரியும்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட இந்தியத் தத்துவப் பிரிவான நியாய மரபினர், கண்ணின் ஒளி வெளியே சென்று பொருளைத் தொடுகிறது என்றே கருதினார்கள். இரவில் திரியும் விலங்குகளின் கண்கள் ஒளிர்வதை அவர்களுடைய மூலநூலான நியாய சூத்திரம் சான்றாகக் காட்டுகிறது. பௌத்தர்கள் அதை மறுத்தார்கள். அந்த விவாதம் எது சரியான அறிவு என்ற தர்க்கத்தின் பகுதியாக வளர்ந்ததே தவிர, கோணங்களைக் கணக்கிடும் வடிவியலோடு சேரவில்லை.

கிரேக்கத்தில் அது வடிவியலோடு சேர்ந்தது. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட், கண்ணை உச்சியாகக் கொண்ட கூம்பு ஒன்றை வரைந்தார். அந்தக் கூம்பில் பெரிய கோணத்தை அடைக்கும் பொருள் பெரிதாகத் தெரியும். தூரத்துத் தூண் சிறுத்துத் தெரிவதை இப்படி நிறுவிவிடலாம். கதிர் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் கொள்கை தவறாக இருந்தும் கணிதம் சரியாக வந்தது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி இன்னும் ஒரு படி மேலே போனார். பாகைகள் குறித்த வெண்கல வட்டைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தி, காற்றிலிருந்து நீருக்குள் போகும் கதிர் எவ்வளவு வளைகிறது என்று அளந்தார். நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டோடு காற்றில் கதிர் ஆக்கும் கோணத்தை (படுகோணம்) பத்துப் பத்துப் பாகையாக 10 முதல் 80 வரை கூட்டிக்கொண்டே போகும்போது, நீருக்குள் அது ஆக்கும் கோணமாக (விலகுகோணம்) அவர் தருபவை 8, 15½, 22½, 29, 35, 40½, 45½, 50. அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். 7½, 7, 6½, 6, 5½, 5, 4½ என்று ஒவ்வொரு முறையும் சரியாக அரைப் பாகை குறைகிறது. அளவுகோலைக் கையில் பிடித்தவருக்கு இத்தனை ஒழுங்கான எண்கள் கிடைக்கவே கிடைக்காது. 80 பாகைக்கு உண்மையான மதிப்பு ஏறத்தாழ 47½தான். அவர் அளந்தும் இருக்கிறார், அளந்ததைத் தான் நம்பிய ஓர் ஒழுங்குக்குள் பொருத்தியும் இருக்கிறார். ஒரு மனிதர் இயற்கையில் விதியைத் தேடும்போது என்னவெல்லாம் செய்கிறார் என்பதை இந்த எட்டு எண்களைப் போல எனக்குக் காட்டிய பக்கங்கள் வெகு சில. அதனால்தான் கட்டுரையில் அத்தனை இடம் கொடுத்தேன்.

இந்த எண்கள் இடம்பெற்ற தாலமியின் ஒளியியல் நூலின் கிரேக்க மூலம் இன்று இல்லை. அரபு மொழிபெயர்ப்பும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலியில் அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவரப்பட்ட பிரதிதான் மிஞ்சியது, அதிலும் முதல் பாகம் தொலைந்துவிட்டது. ஆகவே அரேபியர்கள் பத்திரப்படுத்தியது உண்மை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது பெரிய அநீதி.

965 வாக்கில் பாஸ்ராவில் பிறந்து, பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த அரபு அறிஞர் இபின் அல்-ஹைதம், ஒளியியல் பற்றி ஏழு பாகங்கள் கொண்ட நூலை எழுதினார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பிரகாசமான பொருளை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அதன் வடிவம் கண்ணில் நிற்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளிதான் கண்ணைப் பாதிக்கிறது என்பதற்கு அங்கிருந்து தொடங்கினார். பிறகு, சுவரில் ஒரு சிறு துளை மட்டும் உள்ள இருட்டறைச் சோதனை. அறைக்கு வெளியே, துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்தால், உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒளிப்பொட்டு விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேர்க்கோட்டில் உள்ள பொட்டு மட்டும் மறைகிறது, திறந்ததும் அதே இடத்தில் திரும்ப வருகிறது. அத்தனை ஒளியும் ஒரே துளைக்குள் புகுந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை என்று காட்டினார்.

யூக்ளிடின் கூம்பை அவர் தூக்கி எறியவில்லை, திசையைத் திருப்பினார். அதே நேரத்தில் யூக்ளிடுக்கு இல்லாத ஒரு சிக்கல் அவருக்கு வந்தது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் பரவுகிறது என்றால், கண்ணின் ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் புள்ளியின் ஒளியும் வந்து சேரும். குழப்பம்தானே மிஞ்ச வேண்டும்? கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் மட்டும் வளையாமல் உள்ளே போகிறது, பார்வைக்கு அதுவே கணக்கு, சாய்ந்து விழுபவை வலுவிழந்தவை என்றார். சற்றே சாய்ந்த கதிர் ஏன் ஒன்றுமில்லாமல் போக வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் பதில் போதாது. கதிர்கள் கண்ணுக்குள் குறுக்காக வெட்டிக்கொண்டால் உலகம் தலைகீழாகத் தெரியும் என்பதால் அந்த வழியையும் அவர் அடைத்துவிட்டார். அவர் விட்டுப்போன இந்த முடிச்சைத்தான் அவருடைய மிகப் பெரிய கொடையாக நான் மதிக்கிறேன்.

ஆயிரம் ஆண்டு இருட்டு என்பதைப் பற்றி. ரோமின் வீழ்ச்சிக்குப் பிறகு மேற்கு ஐரோப்பா நிறைய இழந்தது நிஜம்; யூக்ளிடின் வடிவியல்கூட முழுதாக லத்தீனில் கிடைக்கப் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே காலத்தில் பாக்தாதும் கெய்ரோவும் விழித்திருந்தன. மறுமலர்ச்சிக்கு வெகு முன்பே, பதிமூன்றாம் நூற்றாண்டில், ஐரோப்பிய அறிஞர்கள் ரோஜர் பேக்கனும் விட்டெலோவும் இபின் அல்-ஹைதமை லத்தீனில் கரைத்துக் குடித்திருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமால் அல்-தீன் அல்-ஃபாரிசியும் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் தியடோரிக்கும், ஒருவரை ஒருவர் அறியாமலே, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லை ஆராய்ந்தார்கள். துளிக்குள் நுழையும்போது ஒருமுறை வளைந்து, உள்ளே ஒருமுறை பிரதிபலித்து, வெளியேறும்போது மீண்டும் வளைகிறது ஒளி என்று இருவருமே கண்டார்கள். இருவரும் ஒரே மூலநூலிலிருந்து, இபின் அல்-ஹைதமிடமிருந்து, கற்றவர்கள். இந்த நூற்றாண்டை இருட்டு என்று பாடநூலில் எழுதுவது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது.

1572இல் பாசல் நகரில் இபின் அல்-ஹைதமின் நூலும் விட்டெலோவின் நூலும் ஒரே தொகுதியாக அச்சாயின. 1604இல் வானியலாளர் கெப்ளர் வெளியிட்ட ஒளியியல் நூல், தலைப்பிலேயே தன்னை விட்டெலோவுக்கான பிற்சேர்க்கை என்று அறிவித்துக்கொள்கிறது. யாருடைய முடிச்சை அவிழ்க்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சாய்ந்த கதிர்களை அவர் ஒதுக்கவில்லை. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிக் கண்பாவை முழுவதும் விழும் கதிர்க்கற்றையைக் கண்ணின் பகுதிகள் வளைத்து, விழித்திரையில் மறுபடி ஒரே புள்ளியில் சேர்க்கின்றன என்று நிறுவினார். விழித்திரையே பார்வையின் இடம் என்பதற்கு பாசல் மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டரின் உடற்கூற்றியல் அவருக்குத் துணை நின்றது. இந்தக் கணக்கில் படம் தலைகீழாகத்தான் விழும். இபின் அல்-ஹைதம் அஞ்சி ஒதுக்கிய அதே முடிவைக் கெப்ளர் ஏற்றுக்கொண்டார். அந்தப் படம் விழித்திரையைத் தாண்டி மனத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை இயற்கைத் தத்துவவாதிகள் விவாதிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.