தேக்குக் கட்டைகள் தளர்ந்த மாடித் தளம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் மாடி, மெட்ராஸ் டெரஸ் முறையில் தேக்குக் கட்டைகளின் மேல் கட்டப்பட்டது. கூடத்துக்கு மேலுள்ள அறையில் குழந்தைகள் ஓடினால் பீரோவின் கண்ணாடி அதிர்கிறது. தளத்தின் நடுப்பகுதி தொய்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. முழுவதையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்கிறார் மேஸ்திரி. கட்டைகளை மட்டும் பலப்படுத்த முடியாதா?
வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: பெரும்பாலும் முடியும். கட்டைகளின் மேல் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த அந்தத் தளத்தை ஒருமுறை இடித்துவிட்டால், அதே நேர்த்தியில் மறுபடி போட ஆள் கிடைப்பது கடினம். ஆகவே இடிப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தொய்வும் அதிர்வும் ஒன்றல்ல. பல பத்தாண்டுகளாகப் பாரம் தாங்கிய மரம் சிறிது வளைந்து அப்படியே நின்றுவிடுவது இயல்பு. அதனால் மட்டும் ஆபத்து இல்லை. அண்மையில் தொய்வு கூடியிருந்தாலோ, சுவரை ஒட்டிப் புதிய விரிசல் தெரிந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். ஒரு கட்டையின் அடியில் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். ஆள் நடமாட்டத்தாலும் சாமான்களாலும் கூடுதலாக ஏற்படும் வளைவு, நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்குள், அதாவது 12 அடிக் கட்டைக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் வரம்பு.

அடுத்து, சுவருக்குள் செருகியிருக்கும் முனைகளைப் பாருங்கள். பழைய வீடுகளில் கட்டை நடுவில் கெடுவதைவிட முனையில் இற்றுப்போவதே அதிகம். குளியலறைச் சுவரோ மழைநீர்க் குழாயோ அருகில் இருந்தால் ஈரம் அங்குதான் தங்கும். சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்த்தால், நல்ல தேக்கு அதன் நுனியை உள்ளே விடாது. உளுத்த மரமோ பொருக்காக உதிர்ந்து, நுனி அரை அங்குலம் எளிதாக இறங்கிவிடும். கறையான் மண் கோடுகளையும் தேடுங்கள். முனை கெட்டிருந்தால் முதலில் நீர்க்கசிவை நிறுத்திவிட்டு, நல்ல மரம் இருக்கும் பகுதிக்கு அடியில் சுவரோரமாக இரும்புத் தாங்கல் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் நடுவில் என்ன செய்தாலும் பயனில்லை.

முனைகள் நன்றாக இருந்தால், கூடத்தின் குறுக்கே, கட்டைகளின் நடுப்பகுதிக்கு அடியில் ஓர் இரும்பு ஐ பீம் (‘I’ வடிவ உத்திரம்) கொடுப்பதே என் தேர்வு. தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரம் பாதியானால், அதே பரவலான பாரத்துக்கு ஏற்படும் வளைவு ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பக்கத்தில் அதே அளவுக் கட்டையைச் சேர்த்தால் வளைவு பாதியாகத்தான் குறையும். பீமின் முனைகள் ஜன்னலுக்கோ கதவுக்கோ மேலே உட்காராமல், கான்கிரீட் பெட் பிளாக் (பாரத்தைச் சுவரில் பரப்பும் கான்கிரீட் துண்டு) வைத்த உறுதியான சுவரில் உட்கார வேண்டும். அதன் அளவைக் கட்டடப் பொறியாளர் கணக்கிட்டே சொல்ல வேண்டும். கடையில் கைவசம் இருப்பதை வாங்கிப் போடக் கூடாது. எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு தொய்ந்திருக்காது என்பதால், ஒவ்வொன்றுக்கும் பீமுக்கும் இடையில் விழும் சந்தில் இரும்புத் தகடோ கடின மரத் துண்டோ இறுக்கமாகச் செருக வேண்டும். இந்தச் சந்துகளை விட்டுவிட்டால், பீம் இருந்தும் தளம் அதிரும்.

கூடத்தில் பீம் தெரியக் கூடாது என்றால், ஒவ்வொரு கட்டையின் இரு பக்கமும் இரும்புச் சேனலையோ (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்), நன்கு உலர்ந்த புதுக் கட்டையையோ அணைத்து, துளையிட்டு, வாஷருடன் போல்ட் போட்டு முடுக்கலாம். வெறும் ஆணி போதாது.

எந்த முறையானாலும் மேலறையைக் காலி செய்து, கீழிருந்து முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். தொய்வை முழுவதும் நிமிர்த்த நினைத்து ஜாக்கியை வேகமாகத் திருகினால் மேலே சுண்ணாம்புத் தளம் வெடித்துவிடும். நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். கட்டையின் பாரம் முட்டுக்கு மாறியதும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி: இதே போன்ற தளத்தின் பள்ளத்தைச் சமப்படுத்த, மேலே ஓர் அங்குலம் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டலாமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். 100 சதுர அடியில் ஓர் அங்குலக் கான்கிரீட் மட்டுமே அரை டன்னுக்கு மேல் கனக்கும். பள்ளம் நடுவில் என்பதால் அந்தக் கனத்தில் பெரும்பகுதி, கட்டை அதிகம் வளையும் இடத்திலேயே ஏறும். முதலில் கீழிருந்து கட்டைகளைப் பலப்படுத்துங்கள். அதன் பிறகும் சிறு பள்ளம் எஞ்சினால், மேலே பதித்துள்ள பழைய தட்டோட்டை (தட்டையான ஓடுகளை) பெயர்த்துவிட்டு, எடுத்த கனத்துக்கு மிகாமல் மெல்லிய சுண்ணாம்புக் காரையால் மட்டம் பிடிக்கலாம். பீரோவையும் நெல் மூட்டைகளையும் அறையின் நடுவில் வைக்காமல், கட்டைகளின் முனை தாங்கும் சுவரோரமாக நகர்த்திவிடுங்கள். அதை இன்றைக்கே செய்யலாம்.