வடக்கே திரும்பும் பறவைகள்: லிங்கி வட்டாரத்தின் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் பருவத்தில் கணக்கெடுக்க முன்வந்திருக்கும் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில லிங்கி, சிலியாவ், ரந்தாவ் வட்டாரத்தார் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. பல பருவங்களாகக் கணக்கெடுப்பில் இருப்பவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

தோட்டக் கிராணி, லிங்கி: டீச்சர், இங்கே வசந்தம் ஏது? வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான். எப்போது ஆரம்பித்து எப்போது நிறுத்துவது?

வசந்தம் அவை போய்ச் சேருகிற சீனா, ஜப்பான், கொரியா, சைபீரியா பக்கம். நம் வானம் அவற்றுக்கு வழி மட்டும். பிப்ரவரி நடுவில் ஆரம்பித்து மே முதல் வாரம் வரை எழுதுங்கள். பருந்துக்கு மார்ச் மாதம்தான் உச்சம், அதிலும் முதல் பாதி. மாசி கடைசியும் பங்குனி முதலும் என்று வைத்துக்கொள்ளலாம். தகைவிலான் குருவிகள் மார்ச், ஏப்ரலில் குறைந்துகொண்டே போகும். பழுப்புக் கீச்சான் ஏப்ரல் கடைசியிலும் வேலிக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். வாரம் ஒரு நாள்தான் முடியுமென்றால் அதே கிழமை, அதே நேரம், அதே இடம். இஷ்டப்பட்டபோதெல்லாம் எழுதுவதைவிட இது நூறு மடங்கு உபயோகம்.

இடைநிலைப்பள்ளி மாணவன், சிலியாவ்: பருந்து பார்க்கப் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் முனைக்குப் போயே ஆக வேண்டுமா? பஸ் வசதி இல்லை.

அங்கே ஏன் கூட்டம் சேர்கிறது என்று முதலில் தெரிந்துகொள், தம்பி. சுமத்ரா பக்கம் ரூப்பாட் தீவு, இந்தப் பக்கம் தஞ்சோங் துவான். இடையே மலாக்கா நீரிணை ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். பெரிய பருந்துகள் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் சுழன்று ஏறி, அந்த உயரத்தை வைத்துச் சறுக்கிக்கொண்டே போகிறவை. கடலின்மேல் அந்தக் காற்று எழுவது குறைவு. ஆகவே சிறகடித்தே கடக்க வேண்டியிருக்கிறது. கரையை எட்டும்போது களைத்துத் தாழ்ந்து வரும். அதனால்தான் கலங்கரை விளக்கத்தருகே நின்றால் கண்ணைக்கூடப் பார்க்க முடிகிறது. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து பருந்துக் காண்நிகழ்ச்சியை அங்கே நடத்துவதும் இதற்காகத்தான்.

ஆனால் கரை ஏறியவை அங்கேயே தங்குவதில்லை. காட்டின்மேல் சுழன்று ஏறி உள்நாட்டுப் பக்கம் நகரும். செம்பனை மறுநடவு செய்த வெட்டவெளி மேடு ஒன்று கிடைத்தால் உன் தோட்டத்திலிருந்தே எண்ணலாம். உயரத்தில் போகும் என்பதுதான் சிரமம். காலை 10.30 முதல் பிற்பகல் 3.30 வரை நில். சுமத்ரா பக்கம் மழை கொட்டினால் பறவை கிளம்பாது. வானம் திறந்ததும் வரும்.

போர்ட்டிக்சனுக்குப் போய் எழுதுபவர்களுக்கு ஒரு சங்கதி: தஞ்சோங் துவான் நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான துண்டு நிலம். பறவைப் பதிவு இணையதளமான இ-பேர்டின் வரைபடத்தில் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் உங்கள் பதிவு வேறு மாநிலக் கணக்கில் ஏறிவிடும்.

ஓய்வுபெற்ற மண்டோர், ரந்தாவ்: அம்மா, எனக்கு மேலே பறப்பதெல்லாம் கருடன்தான். எப்படிப் பிரித்துச் சொல்வது?

கருடனில் இருந்தே ஆரம்பிக்கலாம், ஐயா. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற உடம்பு என்றால் செம்பருந்து. அது ஊர்ப் பறவை, வலசைக் கணக்கில் சேராது.

மார்ச்சில் இங்கே கடந்துபோகிற கூட்டத்தில் பெரும்பகுதி தேன் பருந்து. குளவிக்கூட்டையும் தேனடையையும் கிளறிப் புழுவைத் தின்கிற பறவை. நிறத்தை நம்பாதீர்கள். ஒன்று வெளுப்பாக இருக்கும், இன்னொன்று காப்பி நிறம், மற்றொன்று கறுப்பு. உருவத்தைப் பாருங்கள்: புறாத்தலை போலச் சின்னத் தலை, முன்னால் நீட்டிய கழுத்து, நீண்ட வால், அகன்ற இறக்கை. வட்டமிடும்போது இறக்கையைத் தட்டையாக வைத்திருக்கும். இறக்கையை ‘வி’ மாதிரி மேலே தூக்கி வைத்து, பின் ஓரத்தில் அகலமான வெள்ளைப் பட்டையோடு கத்திக்கொண்டே சுற்றினால் அது பாம்புண்ணிக் கழுகு, உள்ளூர்க்காரர். ‘வி’ இறக்கையோடு வால் குட்டையாக ஆப்பு வடிவில் இருந்தால் வெண்வயிற்றுக் கடற்கழுகு.

சின்ன அளவில் கறுப்பு வெள்ளையாக, காக்கை மாதிரி அடித்துக்கொண்டு கும்பலாகப் போனால் கறுப்பு பாஸா. புறா அளவில், அடியிறக்கை வெளுத்து நுனி மட்டும் மை தொட்டதுபோல் இருந்தால் சீன வைரி. ஜப்பானிய வைரிக்கு அடியிறக்கை முழுக்கக் குறுக்குக் கோடு.

தெரியாததைத் ‘தெரியாத பருந்து’ என்றே எழுதுங்கள். இ-பேர்டில் அதற்கென்றே பொதுப் பெயர் இருக்கிறது. எல்லாவற்றையும் தேன் பருந்து என்று நிரப்பிக் கொடுத்த தாளைவிட, இருபது ‘தெரியாதது’ உள்ள தாளை நான் நம்புவேன்.

அதே மண்டோர்: ஜூனில் தேன் பருந்து பார்த்தேனே?

இங்கேயே கூடு கட்டும் தேன் பருந்தும் உண்டு. கொண்டை தெரிந்ததா என்று குறித்து, தேதியோடு எழுதுங்கள். வலசைத் தாளில் வேண்டாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லிங்கி: ஐம்பது அறுபது ஒன்றாகச் சுழன்றால் எண்ணவே முடியவில்லை. திரும்பத் திரும்ப வேறு எண் வருகிறது.

சுழலும்போது எண்ணினால் யாருக்கும் அப்படித்தான் வரும். உள்ளே ஒன்று மேலே போக இன்னொன்று கீழே வர, ஒரே பறவையை மூன்று தரம் எண்ணுவீர்கள். காத்திருங்கள். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக இறக்கையை ஒடுக்கி ஒரே திசையில் வரிசையாகச் சறுக்கும். எண்ண வேண்டிய நேரம் அதுதான்.

தொலைவில் அசையாத ஒன்றை எல்லையாக வையுங்கள். தொலைபேசிக் கோபுரம் நல்லது. அதிலிருந்து வானத்துக்கு ஒரு கோடு இழுத்ததாக நினைத்து, அதைத் தாண்டி வடக்கு, வடகிழக்காகப் போவதை மட்டும் எண்ணுங்கள். திரும்பி வந்தால் கழியுங்கள். கூட்டம் பெரிதானால் முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதே அளவை வரிசை நெடுக வைத்துப் பத்துப் பத்தாக ஏறுங்கள்.

இருவராக நிற்பது நல்லது. ஒருவர் கண்ணை எடுக்காமல் எண்ண, மற்றவர் எழுத வேண்டும். எண்ணுகிறவர் தாளைக் குனிந்து பார்க்கிற அந்த ஐந்து விநாடியில்தான் பறவை போகும். விரலால் அழுத்தும் எண்ணிக்கைக் கருவி மலிவாகக் கிடைக்கும், கையில் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு மணிக்கும் தனி வரி: நேரம், இனம், எண்ணிக்கை, காற்று எந்தப் பக்கமிருந்து, மேகம் எத்தனை பங்கு, புகைமூட்டம் உண்டா. புகைமூட்ட நாளில் எண்ணிக்கை விழுந்தால் பறவை குறைந்ததா, பார்வை குறைந்ததா என்று பிற்பாடு சொல்ல அந்தக் கடைசிக் குறிப்புதான் வேண்டும். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஒரு தூறலுக்குத் தாங்காது.

தாமான் குடியிருப்பாளர், ரந்தாவ்: எந்தத் தொலைநோக்கி?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு, பார்வைப் பரப்பும் குறுகும். நம் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், தோல் பைக்குள் வேண்டாம். பருந்து சூரியனை நோக்கிப் போனால் கண்ணை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை போனால் போகட்டும்.

கல்லூரி மாணவி, சிலியாவ்: அக்கா, இ-பேர்ட் பட்டியலை அனுப்பும்போது ‘கண்டதெல்லாம் எழுதினீர்களா’ என்று கேட்கிறது. தெரியாத பறவை இருந்தால் ‘இல்லை’ என்று போடவா?

இந்த ஒரு கேள்வியில்தான் பாதிப் பதிவுகள் பழுதாகின்றன. அடையாளம் தெரிந்த பறவை எதையும் விடாமல் எழுதியிருந்தால் ‘ஆம்’. தெரியாதவை இருந்தாலும் ‘ஆம்’தான். காகம், மைனா, புறாவை ‘இதெல்லாம் எதற்கு’ என்று விட்டிருந்தால் ‘இல்லை’. பருந்து மட்டும் எண்ணினாலும் ‘இல்லை’. ‘ஆம்’ போட்ட பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அங்கே அது தென்படவில்லை என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதாமல் விட்ட மைனா, காணாமல் போன மைனாவாகிவிடும்.

ஒரே இடத்தில் நின்றால் ‘நிலை’ வகை, நடந்தால் தூரத்தோடு ‘பயணம்’ வகை. மோட்டாரில் பத்துக் கிலோமீட்டர் சுற்றி ஒரே பட்டியலாகப் போட்டால் எந்தப் பறவை எந்தக் காட்டில் என்று யாருக்கும் தெரியாது. இடம் மாறினால் பட்டியலையும் மாற்று. எண்ணிக்கைக்குப் பதில் ‘எக்ஸ்’ போடாதே. ‘சுமார் 40’ என்ற ஊகம்கூட அதைவிட மேல். மூன்று பேர் சேர்ந்து போனால் ஒருவர் எழுதி மற்றவர்களோடு பகிர வேண்டும். ஆளுக்கொரு பட்டியல் தனித்தனியாக அனுப்பினால் அறுபது பருந்து நூற்றெண்பதாகிவிடும்.

மளிகைக் கடைக்காரர், ரந்தாவ்: கடைத்தெரு மின்கம்பியில் ஆயிரக்கணக்கில் குருவி உட்காருது. கூட்டுக்காகக் குருவி வளர்க்கிற வாலிட் வீடு பக்கத்திலேயே இருக்கு, அதிலிருந்து வருதா? எப்படி எண்ணுவது?

வாலிட் குருவி கம்பியில் உட்காரவே உட்காராது. அதன் கால் செங்குத்துச் சுவரில் தொற்றிக்கொள்ளத்தான் வாகானது. உங்கள் கம்பியில் இருப்பவை தகைவிலான்கள். தொண்டை செம்பழுப்பு, அதன்கீழ் கருநீலப் பட்டை, வயிறு வெள்ளை. பட்டையே இல்லாமல் அடிப்பக்கம் அழுக்குச் சாம்பலாக இருந்தால் உள்ளூர்ப் பசிபிக் தகைவிலான். வாலின் நீண்ட இறகை வைத்து முடிவு கட்டாதீர்கள். இங்கே தங்கும் காலத்தில் இறகு உதிர்ந்து முளைப்பதால் நீண்ட வால் பலவற்றுக்கு இராது. சிவந்த கண்ணோடு பளபளவென்று கறுப்பாகக் கத்துவது ஸ்டார்லிங். அதைத் தனியே எழுதுங்கள்.

மார்ச் நடுவில் நமக்குச் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 7.25. அரை மணி முன்னால் போய்க் கம்பிகளையும் கம்பங்களையும் முதலில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். குருவிகள் மேலே சுற்றிச் சுற்றி, இருட்டும் நேரத்தில் சட்டென்று இறங்கும். இறங்கும்போது எண்ணாதீர்கள். எல்லாம் உட்கார்ந்து அடங்கியதும் தெருவிளக்கில் எண்ணுங்கள்.

இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்டது ஒரு பாகம். பாகங்களை நெருக்கம், நடுத்தரம், சொற்பம் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் ஒரு கம்பியை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். உதாரணத்துக்கு, தெருவில் நான்கு கம்பி. நெருக்கமான 3 பாகத்தில் கம்பிக்கு 140, நடுத்தரமான 5 பாகத்தில் 80, சொற்பமான 6 பாகத்தில் 30 என்றால், 1680, 1600, 720. மொத்தம் 4000. வழக்கமாக நடக்கும் தவறு, நெருக்கமான பாகத்தை மட்டும் எண்ணித் தெரு முழுக்கப் பெருக்குவது. இந்தத் தெருவில் அப்படிச் செய்தால் 14 பாகத்துக்கு 7840 வரும், ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வாரம் ஒரு மாலை போதும். ஒரு குருவியும் இல்லாத மாலையையும் ‘0’ என்று போட்டு அனுப்புங்கள். கடைசியாகக் கண்ட தேதியை உறுதி செய்வது அதற்குப் பிறகு வரும் பூஜ்யங்கள்தான். பலர் குருவி போனதும் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அதே கடைக்காரர்: எச்சம் தாங்க முடியலை. பட்டாசு போடலாமா?

வேண்டாம், பக்கத்துத் தெருவுக்குத்தான் நகரும். மே மாதத்துக்குள் தானாகவே காலியாகிவிடும். அதுவரை கம்பிக்கு நேர் கீழே சாமான் அடுக்காமல் கூடாரத் துணி கட்டுங்கள். காய்ந்த எச்சத்தைத் தண்ணீர் தெளிக்காமல் பெருக்காதீர்கள், தூசு மூச்சுக்குள் போகும்.

மாணவன், லிங்கி: பஞ்சுருட்டான் மார்ச்சில் கூடுகிறதா குறைகிறதா? ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை.

இரண்டு இனத்தை ஒன்றாக எழுதுகிறாய். நீலவால் பஞ்சுருட்டான் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளி, இப்போது கிளம்புகிறது. தலை பச்சை, தொண்டை செம்பழுப்பு. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் தெற்கிலிருந்து இப்போது வந்து இங்கேதான் மணலில் பொந்து குடைந்து முட்டையிடும். தலையும் முதுகும் செங்காவி, தொண்டை நீலம். ஒன்று போக ஒன்று வருகிறது. இரண்டையும் பிரித்தெழுது.

தோட்டக் கிராணி, லிங்கி: வடிகாலில் நிற்கும் குளக்கொக்கை எந்த இனமென்று எழுதுவது?

பிப்ரவரியில் சீனத்ததா ஜாவாவினதா என்று பிரிப்பது நடவாத காரியம், ‘குளக்கொக்கு’ என்றே விடுங்கள். மார்ச் கடைசியில் நிறம் ஏறும். தலையும் கழுத்தும் அரக்குச் சிவப்பானால் சீனக் குளக்கொக்கு.

மாணவி, ரந்தாவ்: படம் எடுத்தால் பருந்து வெறும் கறுப்பாக வருகிறது.

வெளிச்சமான வானத்தைப் பார்த்துக் கேமரா தானே இருட்டாக்கிக்கொள்கிறது. வெளிச்ச ஈட்டை +1 முதல் +2 வரை கூட்டு. ஷட்டர் வேகம் 1/1600 விநாடி. வானம் வெளுத்துப் போகும், போகட்டும். அடியிறக்கைக் கோடு தெரிந்தால் போதும்.

பள்ளிக் காவலாளி, சிலியாவ்: போன ஏப்ரலில் காலையில் மண்டபக் கண்ணாடி அடியில் பச்சையும் நீலமுமாய் ஒரு குருவி மயங்கிக் கிடந்தது. திரும்ப வந்தால் என்ன செய்யணும்?

நீலச் சிறகு பிட்டாவாக இருக்கலாம். இரவில் பயணம் போகிற பறவை, விளக்கெரியும் கட்டடங்களில் மோதும். காற்று போகத் துளையிட்ட காகிதப் பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெளிந்து பெட்டிக்குள் துள்ளினால் மரம் அடர்ந்த பக்கம் கொண்டுபோய்த் திறங்கள். எழாவிட்டால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட இனம், கூண்டில் வைத்து வளர்த்தால் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். செத்துக் கிடந்தாலும் தேதி, நேரம், எந்தப் பக்கக் கண்ணாடி, இரவு விளக்கு எரிந்ததா என்று எழுதி, மேலிருந்து ஒன்றும் இறக்கையை விரித்து ஒன்றுமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். ஏப்ரல் முழுக்க மண்டபத்து வெளிவிளக்கை இரவு பத்துக்குமேல் அணைக்கத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.