கடும் புயலுக்கு முன் வீட்டையும் தோட்டத்தையும் எப்படித் தயார் செய்வது? எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?

வெளியிலிருந்து தொடங்குங்கள். முதலில் தோட்டம், அடுத்து கூரை, அதன்பின் கதவு ஜன்னல்.

காற்று தூக்கி வந்து அடிக்கும் பூந்தொட்டியோ, தகரத் துண்டோ, முறிந்த கிளையோ ஒன்று போதும், ஜன்னல் உடைந்துவிடும். உடைந்ததும் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து நெம்பும். கூரைக்கு மேலே ஓடும் காற்று ஏற்கெனவே அதை மேல்நோக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் சேரும்போதுதான் கூரை பெயர்ந்து போகிறது. அழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 48 கிலோ எடை அளவுக்கு அழுத்தும்; 150 கி.மீ. என்றால் 108 கிலோ. ஆகவே, போன புயலைத் தாங்கிய தகரக் கொட்டகை இந்தப் புயலையும் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது.

மரங்களைப் புயல் பருவத்துக்கு ஓரிரு மாதம் முன்பே கவனித்துவிட வேண்டும். பட்டுப்போன கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், ஆங்கில ‘வி’ வடிவில் இடுக்கமாகப் பிரியும் கவைகள் ஆகியவை முதலில் போகட்டும். அந்த இடுக்கில் பட்டை உள்மடங்கி இருப்பதால் இரண்டு கிளைகளும் ஒட்டியிருப்பது போலத் தெரியுமே தவிர, பிடிப்பு இருக்காது. ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் இலைப்பரப்பை எடுக்காதீர்கள். மரத்தை மொட்டையடிப்பது மிகப் பெரிய தவறு. வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும். அங்கே கொத்தாக முளைக்கும் புதுக் கிளைகள் மேற்பட்டையில் மட்டுமே பிடித்திருப்பதால் அடுத்த புயலில் அவைதான் முதலில் கிழியும்.

கனமான கிளையை மூன்று வெட்டில் எடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. மிச்சத் துண்டைக் கிளை தொடங்கும் தடித்த வளையத்தை ஒட்டி, வளையத்தைக் காயப்படுத்தாமல் கடைசி வெட்டு. முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை தொங்கும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

மரத்தடி மண்ணில் வளைவான விரிசல், ஒரு பக்கம் மண் மேடு தட்டுதல், தூரில் காளான் ஆகியவை வேர் விட்டுக்கொடுப்பதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் தொழில் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளையை நீங்களே வெட்டப் போகாதீர்கள். வெட்டிய தழையை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். புயலுக்கு முந்தின நாள் வெட்டி மூலையில் குவித்த கிளைகள் அவ்வளவும் மறுநாள் பறக்கும்.

இளங்கன்றுகளுக்கு இரு பக்கமும் முளை அடித்து, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், பட்டையான துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். மேலே இறுக்கிக் கட்டினால் கட்டின் மேல் விளிம்பிலேயே ஒடியும். வாழைக்குக் கவை முட்டு கொடுங்கள். குலை சாயும் பக்கத்தில் முட்டு நிற்க வேண்டும். நிழல் வலையைக் கழற்றிச் சுருட்டிவிடுங்கள். கழற்றாவிட்டால் அது பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக் கம்பங்களையும் பிடுங்கும். மாடித் தொட்டிகளைக் கீழே இறக்குங்கள். முடியாதவற்றைக் கைப்பிடிச் சுவரின் உட்புற மூலையில் நெருக்கமாகப் படுக்க வையுங்கள்.

தகரம் அல்லது சிமென்ட் தகடு வேய்ந்த கூரையில் உறிஞ்சு விசை அதிகம் விழுவது விளிம்பு, மூலை, முகடு ஆகிய இடங்களில்தான். அங்கே எல்லாக் கொக்கி போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். துரு தின்ற துளையில் திரும்ப முடுக்காமல், அருகில் உள்ள தகட்டு அலையின் மேட்டில் புதுத் துளை போடுங்கள். மேலே மணல் மூட்டையை வைத்தால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை. கூரை சட்டத்தோடும், சட்டம் சுவரோடும் பிணைந்திருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் முக்கியம் வடிகால் துளை. 100 சதுர மீட்டர் மாடியில் 100 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர், அதாவது பத்து டன். ஒரு பிடி இலை துளையை அடைத்தால் அந்த எடை தளத்தின் மேல் நிற்கும். துளை வாயில் கம்பி வலைக் கூடை வைத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள். மேல்நிலைப் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பிவிடுங்கள்: 1,000 லிட்டர் ஒரு டன் எடை, நகராது. காலித் தொட்டி உருண்டுவிடும். மூடியைத் தனியாகக் கட்ட மறக்க வேண்டாம். நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தளரும். பாலியஸ்டர் பட்டை நல்லது. மண்ணில் புதைத்த பிளாஸ்டிக் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி இவற்றை வெள்ளத்துக்கு முன் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறும்போது மிதந்து குழாய்களை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவதால் பயன் இல்லை. கண்ணாடி உடையத்தான் செய்யும், துண்டுகள் இன்னும் பெரியதாக விழும். ஷட்டர் இல்லையென்றால் 16 மி.மீ. பிளைவுட்டை முன்கூட்டியே அளந்து அறுத்து, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி வையுங்கள். 30 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, சுவருக்குள் 5 செ.மீ. ஆழம், ஆணி பிடிக்காது. இரட்டைக் கதவுகளில் அசையாத கதவின் மேல், கீழ்த் தாழ்ப்பாள்கள் தரையிலும் நிலையிலும் ஆழமாக இறங்குகின்றனவா என்று சோதியுங்கள்.

மணல் மூட்டைகளைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி நடுவே இடைவெளி விழும். செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாற்றி அடுக்கி மிதியுங்கள்.

கடைசி நாள் வேலைகள் சில. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளுக்குக் குடிநீர். எரிவாயு சிலிண்டரின் வால்வை மூடிச் சுவரோடு கட்டுங்கள், வெள்ளத்தில் அது மிதக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியை மேசை உயரத்துக்கு ஏற்றுங்கள். தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே, காய்ந்த தரையில் நின்று மெயினை அணையுங்கள். ஜெனரேட்டர் வெளியே, ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே கொல்லும்.

புயலின் கண் உங்கள் மேல் கடந்தால் காற்று சட்டென்று அடங்கும். வெளியே போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். அதனால்தான் காற்றுக்கு மறைவாக இருக்கிறது என்று எந்தப் பக்கத்தையும் கட்டாமல் விடக்கூடாது.

ஓய்ந்தபின், அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து 10 மீட்டர் விலகியே இருங்கள். சாய்ந்த சிறு மரங்களை மண் ஈரமாக இருக்கும்போதே, ஓரிரு நாளுக்குள் நிமிர்த்திவிடலாம். அதுவரை வேரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். நிமிர்த்தியபின் மண் அணைத்து, மூன்று பக்கம் முளையடித்துக் கட்டி, ஒரு வருடம் வரை கட்டை அவிழ்க்காமல் விடுங்கள். கடல் காற்று அடித்த செடிகளுக்கு நல்ல தண்ணீரை இலை மேல் தெளித்து உப்பைக் கழுவுங்கள். தாமதித்தால் இலை ஓரம் கருகும்.