எமிஷன் டெஸ்ட்டில் ஃபெயிலான பழைய காருக்குக் கன்வெர்ட்டர் மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கார் 2013 மாடல் பெட்ரோல். செக் இன்ஜின் லைட் அணையவில்லை, பெங்களூரில் எமிஷன் டெஸ்ட்டில் ஃபெயில், ஒர்க்‌ஷாப்பில் புகையின் விஷத்தைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். கன்வெர்ட்டர் நிஜமாகவே போயிருந்தாலும், அதைக் கெடுத்தது எது என்று தெரியாமல் புதுசைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். இரண்டு வருஷம் முன்பு நானும் இதே கேள்வியோடு அலைந்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் காருக்கும் ஏறக்குறைய அதே வயசு, லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. பெங்களூரின் டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது லைட் வந்தது. ஸ்கேனர் போட்டதில் இரண்டு கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிவு செய்த பிழைக் குறியீடு. பி0420, அதாவது கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது. பி0171, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் முதல் கோடை மட்டும் பார்த்துவிட்டு 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது கோடைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

என் கையில் பங்க்கில் எடுத்த எமிஷன் சீட்டு இருந்தது. பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2, லாம்டா 0.97 முதல் 1.03 வரை (1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவு, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம்). என் வண்டிக்கு வந்தது ஐட்லிங்கில் 0.9, ஹைட்ரோகார்பன் 260, லாம்டா 0.96.

அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சீட்டையும் ஸ்கேனர் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கம்ப்யூட்டர் பெட்ரோல் பத்தலைங்குது. சீட்டு பெட்ரோல் ஜாஸ்திங்குது. ரெண்டும் எப்படி தம்பி நிஜமா இருக்கும்?" என்றார். எத்தனையோ பேர் பார்த்த சீட்டுதான், இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் பெட்ரோல் குறைவு என்று சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஆனால் அந்த ஆக்சிஜன் எந்த வழியாக வந்தது என்று சென்சாருக்குத் தெரியாது. இன்ஜின் ஹெட்டும், அதிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் விட்டிருந்தால், புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றை முகர்ந்துவிட்டு சென்சார் பெட்ரோல் குறைவு என்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி, ஏற்கெனவே சரியாக இருந்த கலவையில் இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. கோடு ஒரு பக்கமும் சீட்டு மறுபக்கமும் பேசுவது இதனால்தான்.

வண்டியை ராத்திரி அங்கேயே விடச் சொன்னார், இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டுமாம். காலையில் நானும் போய் நின்றேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. சைலன்சர் வாயில் புளோயரை வைத்து, சுற்றிலும் துணியை அடைத்துக் காற்றை உள்ளே அனுப்பினார். மேனிஃபோல்ட் ஜாயின்ட் நெடுக ஸ்பிரே பாட்டிலால் சோப்புத் தண்ணி அடித்துக்கொண்டே போனார். மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்களில் (போல்ட் மாதிரி) மூன்று வரை ஒன்றுமில்லை. கடைசி ஸ்டட்டுக்குக் கீழே கடுகளவுக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி உடைந்தன. டார்ச் அடித்தால் அதே இடத்தில் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு. ஸ்டட் உடைந்து தலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நிமிஷம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும், பிறகு போய்விடும். டேப்பெட் சத்தம் என்று நான் மாதக்கணக்காக நினைத்திருந்தது இதைத்தான். சூட்டில் இரும்பு விரிந்து ஓட்டை சுருங்கியதும் சத்தம் நின்றிருக்கிறது.

உடைந்த ஸ்டட்டை டிரில் போட்டு எடுத்தார். மேனிஃபோல்ட் முகத்தை சமன் செய்து, ஜே.சி. ரோட்டில் வாங்கி வந்த கேஸ்கெட்டைப் போட்டார். எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். கோடை அழித்துவிட்டு ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரை ஓட்டிப் போய்வந்து டெஸ்ட் எடுத்தேன். கார்பன் மோனாக்சைடு 0.05, லாம்டா 1.00. பி0420 இன்றுவரை திரும்பவில்லை. அளவுக்கு மீறிய பெட்ரோலில் திணறிக்கொண்டிருந்த கன்வெர்ட்டர் அது, செத்துப்போன கன்வெர்ட்டர் இல்லை.

உங்கள் வண்டியிலும் இதேதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கும் வழி இதுதான். முதலில், லைட்டை அணைப்பதற்காக யாரையும் பேட்டரி டெர்மினலைக் கழற்ற விடாதீர்கள். கோடு விழுந்த நேரத்தில் இருந்த சூடு, வேகம், லோடு எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும், கழற்றினால் அத்தனையும் போய்விடும். காரின் கம்ப்யூட்டரில் உள்ளதை போனில் காட்டும் மலிவான ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று வாங்கி, ஃபியூவல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டினால் பிளஸ் மைனஸ் 10க்குள் இருந்தால் பெரிய கவலை இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் பிளஸ் பக்கம் நிற்பது சகஜம். ஐட்லிங்கில் 20, 2,500 ஆர்பிஎம்மில் 5 என்று இறங்கினால் எங்கோ காற்றுப் பிடிக்கிறது. ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகத்தில் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, இந்தப் பக்கம் போங்கள். காற்றுப் பிடிப்பது இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் ஹோஸிலா எக்ஸாஸ்டிலா என்பதை எமிஷன் சீட்டு பிரித்துக் காட்டும். இன்டேக் ஓட்டையை கம்ப்யூட்டர் ஈடுகட்டிவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஏறாது. எக்ஸாஸ்ட் ஓட்டையில் ஏறும். ஒரு எச்சரிக்கை: ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பதிலாக இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டிகளில் இன்டேக் லீக் ட்ரிம்மில் அவ்வளவாகத் தெரியாது, ஐட்லிங்தான் ஏறி நிற்கும்.

அப்படியே கூலன்ட் சூட்டையும் பாருங்கள். நன்றாக ஓடிய பிறகும் 80 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பழைய ஓனர் காலத்தில் யாரோ அதைக் கழற்றியே எறிந்திருக்கலாம். ஓவர்ஹீட் ஆகக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்வார்கள், எனக்கு இதில் வருத்தம் அதிகம். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் நாள் முழுக்கப் பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும். பங்க்கில் டேங்க் நிரப்பியதும் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வைப் பாருங்கள். நாசில் தானாக நின்ற பிறகு ரவுண்டாக்கச் சொல்லி இன்னும் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள், அந்த ஆவியைச் சேர்த்து வைக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போனால் அது வீண்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பி0420 திரும்பினால் அப்போது கன்வெர்ட்டரைச் சந்தேகப்படலாம். சூடான இன்ஜினில் முன் சென்சாரின் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஆடும், பின் சென்சார் 0.7 பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அப்போதும் அது ஏன் போனது என்று கேளுங்கள். மிஸ்ஸிங் அடித்த (பெட்ரோல் சரியாகப் பற்றாத) இன்ஜினிலிருந்து வந்த எரியாத பெட்ரோல் உள்ளே எரிந்து, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பகுதியை உருக்கியிருக்கும், அல்லது இன்ஜின் ஆயில் குடித்து அதன் சாம்பல் படிந்திருக்கும். செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் அது மிஸ்ஸிங், வண்டியை ஓரங்கட்டுங்கள்.

உள்ளிருக்கும் தேன்கூட்டை உடைத்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் தடுத்துக்கொண்டிருந்த விஷம், சிக்னலில் உங்கள் சைலன்சருக்குப் பின்னால் நிற்கும் டூவீலரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மூக்குக்கு நேராகத்தான் போகும்.

டெஸ்ட்டுக்குப் போகும்போது இருபது நிமிஷமாவது நன்றாக ஓட்டிவிட்டுப் போங்கள். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கும், ஃபெயிலான அன்று வீட்டுப் பக்கத்து பங்க்குக்கு நேராகப் போயிருந்தால் அதுவே காரணமாகவும் இருக்கலாம். சீட்டிலுள்ள எண்களையும், ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் வரும் ட்ரிம்மையும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் வருகிறதா என்பதையும் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.