வைரஸ் செல்லுக்குள் நுழைவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வைரஸ் தானாக நகரக்கூட முடியாதது என்கிறார்கள். பிறகு எப்படி அது நம் செல்லுக்குள் நுழைகிறது?

பதில்: பெரும்பாலும் செல்தான் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஃபுளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுயென்சா வைரஸின் மேற்புறத்தில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்னும் புரதம், மூச்சுக்குழாய்ச் செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. செல்லின் சவ்வு அந்த இடத்தில் குழிந்து, வைரஸைச் சுற்றி மூடிக்கொண்டு, சிறு பையாக உள்ளே செல்கிறது. உள்ளே போகப் போகப் பையின் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 5-ஐ நெருங்குகையில் ஹீமக்ளூட்டினின் உருமாறி, அதுவரை மடிந்திருந்த பகுதியை நீட்டிப் பையின் சவ்வில் செருகி, இரு சவ்வுகளையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. எம்2 என்ற புரதம் வைரஸின் உட்புறத்தையும் அமிலமாக்குவதால், ஆர்என்ஏ துண்டுகள் கட்டவிழ்ந்து உட்கருவுக்குப் போகின்றன. உள்ளே வந்ததைச் சிதைப்பதற்காகச் செல் கூட்டும் அமிலமே வைரஸுக்கு வழி திறந்துவிடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேள்வி: பறவைக் காய்ச்சல் மனிதர்களிடையே எளிதில் பரவாதது ஏன்?

பதில்: சியாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணைந்திருக்கும் விதம் ஒரு முக்கியக் காரணம். பறவைகளின் இன்ஃபுளுயென்சா வைரஸ்கள் ஆல்ஃபா 2,3 என்ற வகை இணைப்பை நாடுகின்றன. நம் மேல் மூச்சுப் பாதையிலோ ஆல்ஃபா 2,6 இணைப்பே மிகுதி.

கேள்வி: கரோனா வைரஸை ஆய்வகத்தில் தடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து, நோயாளிகளிடம் பலிக்காமல் போனது ஏன்?

பதில்: எந்தச் செல்லில் சோதித்தார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. தொடக்கச் சோதனைகள் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட வெரோ செல்களில் நடந்தன. கரோனாவின் மேற்புறத்திலுள்ள ஸ்பைக் புரதம், செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற ஏற்பியை (வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதத்தை) பற்றிய பிறகு, ஸ்பைக்கை ஒரு நொதி வெட்டினால்தான் சவ்வுகள் இணையும். நுரையீரல் செல்களில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி மேற்பரப்பிலேயே அந்த வேலையை முடித்துவிடுகிறது. வெரோ செல்களில் அது போதிய அளவில் இல்லாததால், வைரஸ் பைக்குள் சென்று, அமிலச் சூழலில் இயங்கும் கெத்தெப்சின் என்ற நொதியை நம்ப வேண்டியிருக்கிறது. இம்மருந்து பையின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் அங்கே வைரஸ் முடங்கியது. நுரையீரலிலோ அதற்குப் பையே தேவைப்படவில்லை. 2020-இல் நுரையீரல் செல்களில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. அதே ஆண்டு ஜூனில், கரோனா நோயாளிகளிடம் பல மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வும் இம்மருந்தால் இறப்பு குறையவில்லை என்று கண்டு, இம்மருந்துக்கான பிரிவை நிறுத்தியது. எந்தச் செல் என்று சொல்லாமல் 'ஆய்வகத்தில் வைரஸை அழித்தது' என்று வரும் செய்திகளை நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: எச்ஐவி சிலரை எளிதில் தொற்றுவதில்லை என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். எச்ஐவி செல்லுக்குள் நுழைய சிடி4 என்ற ஏற்பி மட்டும் போதாது. கூடவே சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்னும் துணை ஏற்பியும் வேண்டும். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட பிரதியைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் செல்களில் அந்த ஏற்பி மேற்பரப்புக்கு வருவதில்லை. இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் வட ஐரோப்பிய வழிவந்தோர். அதே ஏற்பியை மறைக்கும் மராவிராக் என்ற மருந்துக்கு 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் நோயாளியிடம் உள்ள வைரஸ் சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழைவதாக இருந்தால் அம்மருந்து பயன்படாது. ஆகவே அதைத் தொடங்கும் முன் வைரஸ் எந்த ஏற்பியை நாடுகிறது என்று சோதிப்பது கட்டாயம்.