அடித்துத் திருத்திய வரி

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 ஆண்டுகளாக ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பாடநூலின் கியூஆர் குறியீடு முதல் ஹைடெக் லேப் வரை எல்லாவற்றையும் பயன்படுத்துகிறேன். நான் தயாரிக்கும் பவர்பாயிண்டுகளைச் சக ஆசிரியர்களும் கேட்டு வாங்குகிறார்கள். ஆனாலும் என் பத்தாம் வகுப்பில் 38 பேரும் நோட்ஸில் உள்ள ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். பி.எட். முடித்த பிறகு வினாத்தாளும் விடுப்பு விண்ணப்பமும் தவிர ஆங்கிலத்தில் நானே எதையும் எழுதியதில்லை என்பது அண்மையில்தான் உறைத்தது. இப்போது எழுதத் தொடங்கினால் அது வகுப்புக்கு உதவுமா, அல்லது அது என் சொந்த ஆசை மட்டும்தானா?

ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உதவும். உங்களை உறுத்திய அதே விஷயம் அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே பேசப்பட்டது. ஜேனட் எமிக் என்ற ஆய்வாளர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்து, எழுத்து எப்படி உருவாகிறது என்று கவனித்து 1971இல் வெளியிட்டார். எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தாமே எழுதுவதில்லை என்பதும் அதில் அவர் வைத்த குறைகளில் ஒன்று. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராக இருந்து, பின்னர் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஜேம்ஸ் கிரே, 1974இல் 'பே ஏரியா ரைட்டிங் புராஜெக்ட்' என்ற கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கினார். தம் வகுப்பில் பலித்த ஒன்றைச் சக ஆசிரியர்கள் முன் நடத்திக்காட்டுவதும், தாமே எழுதியதைச் சிறு குழுவில் வாசித்துக் கருத்துக் கேட்பதும்தான் அங்கே ஆசிரியர்களுக்குப் பாடம். அதுவே பின்னர் 'நேஷனல் ரைட்டிங் புராஜெக்ட்' என்ற பெயரில் நாடெங்கும் பரவியது.

நானும் சில காலம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். ஒருமுறை மழை நாள் பற்றிய கட்டுரையைக் கரும்பலகையில் நானே எழுதிக்காட்ட முனைந்து, 'தி ரெயின் வாஸ் பியூட்டிஃபுல்' என்று எழுதிவிட்டு, பிடிக்காமல் அடித்தேன். "தப்பா எழுதிட்டீங்களா சார்?" என்றான் முதல் பெஞ்சுப் பையன். தப்பில்லை, ஆனால் காலையில் நான் பார்த்தது மழையின் அழகை அல்ல, என் சைக்கிள் சீட்டில் சுற்றியிருந்த பாலிதீன் பையில் தண்ணீர் தேங்கி நின்றதைத்தான் என்றேன். அதற்கு ஆங்கிலத்தில் சொல் அகப்படாமல் சாக்பீஸும் கையுமாக நான் நிற்க, பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஸ்மால் பாண்ட் சார்" என்றாள். அப்படியே எழுதினோம். அந்த வாரம் வந்த நோட்டுகளில் பெரும்பாலானவை பழைய கட்டுரைதான். ஏழெட்டில் மட்டும் அடித்தல் இருந்தது. அதுவரை அடித்தல் இல்லாத நோட்டுக்கே 'குட்' போட்டு வந்தவன் நான்.

கரும்பலகையில் அழித்தது அழிந்துபோகும். இங்கேதான் உங்கள் தொழில்நுட்பப் பழக்கம் கைகொடுக்கும். பவர்பாயிண்டில் மாணவர் காண்பது முடிந்த வாக்கியத்தை மட்டுமே. கூகுள் டாக்ஸில் ஒரு பத்தியை நான்கு நாள் திருத்தி எழுதினால், அதன் பழைய வடிவங்கள் எல்லாம் அதிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். திங்களன்று எழுதியது வியாழனுக்குள் என்னவாயிற்று என்பதைத் திரையில் வரிவரியாகக் காட்டலாம். எழுதத் தயங்கும் பிள்ளை, சொல்ல வந்ததை முதலில் உங்கள் செல்பேசியில் பேசிப் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டு எழுதலாம். சாட்ஜிபிடி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்கிறார்கள்; நோட்ஸ் புத்தகம் அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்து வருவதை அவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நோட்ஸை அடியோடு விட்டுவிடச் சொல்லமாட்டேன். தேர்ச்சி விகிதத்துக்குத் தலைமையாசிரியரிடம் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். வாரத்தில் ஒரு பீரியட் மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் பவர்பாயிண்டுகளைக் கேட்டு வாங்கும் ஆசிரியர்களில் இருவரிடம், அடுத்த முறை அதற்குப் பதிலாக நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர்களையும் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள்.